உடற்தகுதித் தேர்வு

“என் பொண்ணை நாளைக்கு எப்படியாவது பெயிலாக்கிடுங்க மேடம்.”

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தீயணைப்பு நிலைய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவர் அதே நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். அதிகாரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே வண்டியில் தீயை நோக்கிப் போனவர்கள்.

“முதல்ல உட்காருங்கண்ணே. இந்த மேடத்தை வாசல்லயே கழட்டி வச்சிட்டு வரக்கூடாதா?”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“காலையில அவளுக்கு உடற்தகுதித் தேர்வு. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

“என் கையில ஸ்டாப்வாட்ச் மட்டும்தான்ணே இருக்கும். அது என் பேச்சைக் கேக்காது.”

“மணல் மூட்டை அறுபது கிலோதானே? எழுபதா வச்சிடுங்க.”

“அதையும் தூக்கிட்டு ஓடிட்டாள்னா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஓடிடுவா,” என்றார். குரலில் எட்டிப் பார்த்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை. “அப்போ பார்வையில ஏதோ குறைன்னு எழுதிடுங்க.”

“அப்புறம் அவ கண்ணாடிக் கடைக்கும் டாக்டர்கிட்டயும் அலையணும். நல்லா இருக்கே!”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். வெளியே முற்றத்தில் யாரோ ஈரக் குழாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பொண்ணுங்கிறதால பயப்படுறீங்களாண்ணே?”

“சேச்சே. நீங்க என்னைவிட வேகமா ஏணி ஏறினதைக் கண்ணால பார்த்தவன் நான். பையனா இருந்தாலும் இப்படித்தான் வந்து நின்னிருப்பேன்.” சட்டைப் பொத்தானைத் திருகினார். “அந்தக் கிடங்குத் தீ ஞாபகம் இருக்கா?”

அதிகாரி தலையசைத்தார். மாடிப்படி இடிந்து விழுந்து, அவர்கள் எல்லோரும் ‘பாட்டுக்காரன்’ என்று கூப்பிடும் சகா உள்ளே சிக்கிக்கொண்ட நாள் அது. அவனைத் தோளில் போட்டு வெளியே தூக்கி வந்தவர் இவர்தான். வரும்போதே அவனுக்கு உயிர் இல்லை.

“அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஆறு வயசு. ‘இன்னிக்கு யாரைக் காப்பாத்தினீங்கப்பா?’ன்னு ஓடி வந்தா. ‘ஒரு பூனையை’ன்னேன். என்ன நிறம், வால் எவ்வளவு நீளம்னு ஆயிரம் கேள்வி. அத்தனைக்கும் பதில் சொன்னேன். இத்தனை வருஷமா நான் வீட்டுக்குக் கொண்டுபோனது பொழைச்சவங்க கதையை மட்டும்தான். மிச்சத்தையெல்லாம் இங்க குழாயடியிலேயே கழுவிட்டுப் போயிடுவேன். இந்த வேலையில சாவே கிடையாதுன்னு நெனச்சு வளர்ந்துட்டா அவ.”

“இப்பவாவது உண்மையைச் சொல்லிடலாமே?”

“எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு? பயமா இருக்குன்னு இந்த அப்பன் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. பட்டம் வாங்கின கையோட அவகூடப் படிச்சதுங்க எல்லாம் கம்பெனி கம்பெனியா மனு போடுது. இவ இங்க மட்டும்தான் போட்டா. கணக்குல முதல் மதிப்பெண் வாங்கினவ! வீடு பூரா கணக்குப் போட்ட காகிதம்தான் இறைஞ்சு கிடக்கு. ‘தண்ணி பீச்சுறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கணக்கு?’ன்னு கேட்டா, சிரிச்சிட்டுக் காகிதத்தைக் கவுத்து வச்சிடுவா.”

“எங்கம்மா இன்னிக்கும் நான் போன் பண்ற வரைக்கும் சாப்பிட மாட்டாங்கண்ணே.”

“அந்தம்மா கஷ்டம் இப்பதான் புரியுது. மணி அடிச்சதும் வண்டியில ஏறுறவனுக்குப் பயப்பட ஏது நேரம்? வீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் எல்லாப் பயமும்.”

“ஆனா அவளைத் தயார் பண்றதே நீங்கதான்னு கேள்விப்பட்டேன்.”

“வேற என்ன செய்ய? தினமும் காலையில மைதானத்துல நின்னு அவ ஓட ஓட நேரம் பார்க்கிறேன். ஒவ்வொரு விநாடி குறையும்போதும் வாய் ‘சபாஷ்’ங்குது, மனசு ‘ஐயோ’ங்குது.”

“அவளுக்கு இதுல நிஜமாவே விருப்பம்தானான்னு கேட்டீங்களா?”

“கேக்கணுமா என்ன? போன வாரம் ஓடி முடிச்சு, மூச்சு வாங்க வந்து நின்னா. ‘நான் இதுல சேரலைன்னா வருத்தப்படுவீங்களாப்பா?’ன்னா. எங்க தோத்துடுவோமோன்னு பிள்ளைக்கு அவ்வளவு கலக்கம்! நான்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, ‘நீ சேராம வேற யாரு சேரப்போறா?’ன்னு தேத்தினேன். அப்படியே அடுத்த சுத்து ஓடப் போயிட்டா.”

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மேசைமேல் இருந்த காகிதங்களை வீணாக ஒருமுறை அடுக்கி வைத்தார்.

“மூட்டையோட எடையைக் கூட்ட மாட்டேன்ணே. வேணும்னு யாரையும் பெயிலாக்கவும் மாட்டேன்.”

“தெரியும்மா. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லை. மனசு கேக்கலை, வந்துட்டேன்.” எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பினார். “நான் வந்ததை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. மனசு உடைஞ்சு போயிடுவா.”

அதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார்.

“அவளும் இதையேதான் சொன்னாண்ணே. முந்தாநாள் வந்து, ‘நான் கணக்குல மேல படிக்கணும் அத்தை, மெதுவா ஓடினா அப்பா கண்டுபிடிச்சிடுவார், நீங்களே என்னைப் பெயிலாக்கிடுங்க’ன்னு அழுதா. போகும்போது, ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சு போயிடுவார்’னு கையைப் பிடிச்சிக் கேட்டுக்கிட்டுப் போனா.”