பென்குயின் பைத்தியம்

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் நதீராவின் தோடு கழன்று விழுந்தது.

இரண்டாவது அறைக்குப் பிறகுதான் புருஷன் றுமைஸ் காரணம் கேட்டான்.

“கம்பியூட்டருக்கு என்னடி செஞ்ச?”

மேசையில் அவனுடைய மடிக்கணினி திறந்து கிடந்தது. காலையில் அவன் கடைக்குப் போகும்போது இருந்த திரை இல்லை. புதுத் திரை, புது எழுத்துகள், மூலையில் ஒரு குட்டிப் பென்குயின். ‘கடை’ என்று பெயரிட்டு அவன் வைத்திருந்த கோப்புறை எங்கே தேடியும் இல்லை.

“லினக்ஸ் போட்டன். போடக்குள்ள எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி தெரியாம அமத்திட்டன். நான் இப்பதானே பழகிறன்.”

அவன் சார்ஜர் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றினான்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கம்பியூட்டரில் போடலாம் என்று இலவசமாகக் கிடைக்கும், பென்குயின் சின்னம் கொண்ட மென்பொருள்தான் லினக்ஸ். நதீராவின் லினக்ஸ் கிறுக்கு நிந்தவூரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை. யூடியூப்பில் பார்த்துப் பார்த்துப் படித்தாள். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. முகம் தெரியாத ஆட்கள் நித்திரை முழித்து எழுதி, ஒரு சதமும் வாங்காமல் உலகத்துக்கே கொடுக்கிறார்கள், இதுதானே ஸதகா, அல்லாஹ்வுக்காகச் செய்யும் தர்மம் என்று பக்கத்து வீட்டுக் கமீலாவிடம் சொன்னாள். கமீலா, கறிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டாள்.

யார் வேண்டுமானாலும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், ஒளிவு மறைவு கிடையாது, அதுதான் இதில் அழகு என்பாள்.

கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் புருஷனையும் அவள் விடவில்லை. நீங்கள் பாவிப்பது களவு விண்டோஸ், ஹராம் என்றாள். அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பென்குயின் பைத்தியம் என்று பெயரும் வைத்தான்.

இன்று சிரிக்கவில்லை.

வயர் தோளில் விழுந்தது. முதுகில் விழுந்தது. குனிந்தபோது பிடரியில் விழுந்தது.

கொண்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். கலியாணத்துக்கு அவளுடைய வாப்பா அவள் பேரில் கட்டிக் கொடுத்த வீட்டின் சுவர். ஒரு பெட்டியோடு வந்து குடியேறியவன் அவன்.

வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது.

கமீலா வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. புருஷன் பெண்சாதிக்குள் ஆயிரம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அந்த ஜன்னலை நினைத்து நதீராவுக்கு வந்த ஆத்திரம் அடித்தவன் மேல்கூட வரவில்லை.

ஆனாலும் அவள் கத்தவில்லை. ஓடவில்லை. ஒரு கண் வீங்கி மூடத் தொடங்கியிருந்தது. மற்றக் கண்ணால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அவனுக்கு ஏதோ நினைவு வந்தது. வயரை எறிந்துவிட்டு அறைக்குள் ஓடினான்.

அலுமாரியின் மேல்தட்டில், பெருநாளைக்குப் பூசும் அத்தர் பெட்டி. அதன் அடியில், பஞ்சுக்குக் கீழே, ஒரு பென் டிரைவ். மூச்சு வாங்க அதை எடுத்து வந்து மடிக்கணினியில் செருகினான்.

திறந்தது. உள்ளே லினக்ஸ் மட்டும் இருந்தது.

லினக்ஸ் போட ஒரு பென் டிரைவ் வேண்டும். முதலில் அதில் உள்ளதெல்லாம் அழியும். பிறகுதான் அது நிறுவும் டிரைவாக மாறும். முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

“லினக்ஸ் போட வேற டிரைவ் ஒண்டும் கைக்கு ஆப்பிடல்ல,” என்றாள் நதீரா. உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகச் சொன்னாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அத்தர் பெட்டியைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். கையை ஓங்கினான். அது பாதியில் நின்றது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று அவனால் கேட்க முடியவில்லை. கேட்டால், அங்கே எதை ஒளித்து வைத்தான் என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

தரையில் உட்கார்ந்தான். வேறு எங்கும் ஓடவில்லை. கடைக்கு ஓடவில்லை. யாருக்கும் போன் எடுக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்று நதீரா மனதுக்குள் சொன்னாள். மடிக்கணினியிலும் பென் டிரைவிலும் இருந்ததைத் தவிர ‘கடை’க்கு மூன்றாவது பிரதி இல்லை. இதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

கல்முனையில் அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதற்காக, லினக்ஸ் போடுவதற்கு முன்னால் பழையதை யாரும் மீட்க முடியாதபடி இரண்டிலும் வெறும் பூச்சியங்களை நிரப்பியிருந்தாள். அதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. யாரோ புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறான்.

‘கடை’க்குள் பெண்களின் பெயர்களில் கோப்புறைகள் இருந்தன. திருத்தக் கொடுத்த போன்களிலிருந்து அவன் களவாக எடுத்த படங்கள். வெளியே சொன்னால் கெடப்போவது அவன் பெயர் அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

அழிப்பதற்கு முன் அவள் ஒரே ஒரு கோப்புறையைத்தான் திறந்தாள். அதன் பெயர் றினோஸா.

மச்சான்ட கடைதானே என்று நம்பி, உடைந்த திரையை மாற்றப் போனைக் கொடுத்துவிட்டுப் போன நதீராவின் தங்கை.