கிளம்ப மறுத்த கார்

கண் பார்வை மங்கியதால், சவரிமுத்து தன் பழைய காரை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் ஏறி உட்கார்ந்தார்.

"சவரிமுத்துவை விட்டு நான் போகமாட்டேன். கிளம்பவே மாட்டேன், பார்," என்றது கார், சாவியிடம்.

சாவி திரும்பியது. கார் மூச்சே விடவில்லை. மறுபடியும் திருப்பினார். ஊஹூம்.

"இது ஓடாதுங்க," என்று வந்தவர் இறங்கினார்.

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் ஓட்டிய வண்டியை ஓடாது என்பதா? "நகருங்க சார்," என்று தானே ஏறினார். வழக்கம்போல் டாஷ்போர்டைத் தட்டி, "வாடா ராஜா!" என்றார்.

"கிளம்பிடாதே! இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ!" என்று சாவி கெஞ்சியது.

அது முழுசாகத் திரும்புவதற்குள் எஞ்சின் உறுமியது.

"அட, பிரமாதம்! எடுத்துக்கிறேன்," என்றார் வந்தவர்.

சவரிமுத்து ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.