கேப்டனின் வெள்ளைச் சட்டை

சலவைக்கடையில் இஸ்திரிப்பெட்டிகள் ஆறிக்கொண்டிருக்கின்றன, மூலையில் டி.வி. மட்டும் கொதிக்கிறது. கால்பந்து இறுதிப்போட்டி. "எவனோ பந்தை உதைக்கிறதைப் பாத்தா நமக்கு வயிறு நிறையுமா?" என்று இத்தனை வருஷமாக ஊரையே வறுத்தெடுத்த கடைக்காரர், இன்று எல்லோருக்கும் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் கண், உள்ளூர் அணி கேப்டனின் வெள்ளைச் சட்டையை விட்டு இம்மியும் நகரவில்லை. போன ஆட்டம் முடிந்து, எருமை புரண்ட குட்டையைப் போல அவரிடம் வந்த சட்டை அது. ஊறவைத்து, கசக்கி, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் வெள்ளைக்கே வெள்ளையடித்துவிட்டார் மனிதர். அதன் பளபளப்பில் மைதானத்து விளக்குகளுக்கே கண் கூசுகிறது. அவர் மீசையும் சேர்ந்து மின்னுகிறது. "இப்ப யாரு வெட்டியா உக்காந்திருக்கிறதாம்?" என்று துணி மடித்தபடியே மனைவி சீண்டுகிறாள். "அட போடி, நான் ஆட்டமா பாக்குறேன்? என் வேலையைப் பாக்குறேன். உலகமே பாக்குது!" அங்கே மழை பிடித்துக்கொள்கிறது. மைதானம் சேறாகிறது. கோலுக்கு எதிரே பந்து உருண்டு போகிறது. சறுக்கி விழுந்து உதைத்தால்தான் கேப்டனின் காலுக்கு எட்டும். மனைவியின் கை பாதி மடிப்பில் நிற்கிறது. "ஐயையோ, சட்டை போச்சே!" கடைக்காரரோ ஸ்டூல் கவிழ எழுந்து, தகரக் கூரை அதிரக் கத்துகிறார்: "விழுடா ராசா, விழு! துவைக்க நான் இருக்கேன்!"