வால் இல்லாத தட்டு

நண்பகலில் ஒரு வட்டத் தட்டு வானத்திலிருந்து சத்தமில்லாமல் காட்டுக்குள் இறங்கியது. கீரியின் மூக்குக்கு நேரே நின்றது. பொந்து வாசலில் இருந்த புல்லையெல்லாம் கருக்கிவிட்டு வந்த வழியே போய்விட்டது. அது என்னவென்று கீரிக்குப் புரியவில்லை. இனி இங்கே பிள்ளைகுட்டியோடு குடியிருக்கலாமா என்று கேட்கத்தான் மைனாவிடம் ஓடியது. அங்கேதான் தப்புப் பண்ணியது.

சாயங்காலம் இலுப்பை மரத்தடியில் காடே கூடியிருந்தது.

"அம்மாடி, அந்தத் தட்டுக்கு எவ்வளவு நீள வால்! வால் நுனியில் நெருப்பு!" என்று கிளையில் நின்று மைனா முழங்கியது.

"வாலே கிடையாதுடி!" என்று கத்தியது கீரி.

"நீ பயந்துகொண்டே பார்த்தவன், உனக்கென்ன தெரியும்? நான் நிதானமாகக் கேட்டவள்," என்றது மைனா.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் அதே தட்டு மெல்ல இறங்கியது.

"ஐயோ, திரும்பிப் பாருங்களேன்! அதேதான்!" கீரிக்குத் தொண்டையே கிழிந்துவிட்டது.

"கதை நல்ல இடத்தில் இருக்கிறது, வாயை மூடு!" என்று முயல்கள் அதட்டின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தட்டு கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மேலே எழும்பியது.

கீரி தலையில் கைவைத்துக்கொண்டு முயல்களுக்கு நடுவே உட்கார்ந்தது.

"சரி தாயே, வால் இருந்தது. மேலே சொல்லித் தொலை."