வலிக்குதா சாமி?

கால் மடங்கி விழுந்தவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிரைண்டர் கழுவிய தண்ணீர்தான் வழுக்கிவிட்டது. கொட்டியதும் அவளே. திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

சத்தம் கேட்டு மகன் பொன்னரசு கூடத்திலிருந்து வந்தான். நிலையருகே நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

“வலிக்குதா சாமி?” என்றான்.

இவனுக்கு எங்கே வலிக்கிறதோ என்று பதறினாள்.

பொன்னரசின் பேச்சு அப்படி. இரண்டு நாள் மழிக்காவிட்டால் தாடி அடர்ந்துவிடுகிற வயது. பேச்சு மட்டும் அவளிடமிருந்து வாங்கியது. ஆட்டிசம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், “தண்ணி வேணுமா சாமி?” என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். அவன் அதையே பிடித்துக்கொண்டான். தாகம் எடுத்தால் அவளிடம் வந்து, “தண்ணி வேணுமா சாமி?” என்பான்.

தனக்கு வேண்டும் என்று அர்த்தம்.

“தூக்கம் வருதா சாமி?” என்றால் அவனுக்குத் தூக்கம். ‘எனக்கு’ என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. அவன் கேட்பது எதுவும் கேள்வி அல்ல.

வீடே அந்தப் பாஷைக்கு மாறியிருந்தது. போன ஆவணியில், நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பந்தியில், அவள் கணவர் பரிமாறுகிறவரைப் பார்த்து, “ரசம் வேணுமா சாமி?” என்று கேட்டுவிட்டார். வாளியும் கையுமாக நின்ற மனிதர் திருதிருவென்று விழித்தார். புருஷனும் பெண்டாட்டியும் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ‘வலிக்குதா’ சிரிக்கிற விஷயமல்ல.

எங்கே வலி என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஒருமுறை கடைவாய்ப்பல் சீழ் பிடித்தது. நாள் முழுக்கச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். பிடிவாதம் என்று நினைத்தார்கள். கன்னம் வீங்கிய பிறகுதான் விளங்கியது.

கதவைப் பிடித்து எழுந்தாள். நொண்டிக்கொண்டே அவனிடம் போனாள்.

“எங்க சாமி? பல்லா? வயிறா?”

தாடையை அமுக்கினாள். காதுக்குள் எட்டிப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள். தொட்டால் அவனுக்குப் பிடிக்காது, கையைத் தட்டிவிட்டான்.

முள் ஏதாவது குத்தியிருக்குமோ?

அவன் பாதத்தைப் பார்க்கக் குனிந்தபோது அவள் கணுக்கால் அவளைக் கைவிட்டது. “ஐயோ” என்று கத்தியபடி தொப்பென்று உட்கார்ந்தாள்.

அவன் எதிரே உட்கார்ந்தான்.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சட்டையைக் கழற்றி எறிகிறவன்.

ஒரு விரலை நீட்டினான். வீங்கத் தொடங்கியிருந்த அவள் கணுக்கால்மேல், பட்டும் படாமலும் வைத்தான்.

“வலிக்குதா சாமி?”

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

நாம் அழுதால் இவனுக்குத் தெரியுமா? நமக்கு ஒரு நோவு வந்தால் இவன் மனதில் ஏதாவது ஆகுமா? எந்த டாக்டரிடமும் அவள் இதைக் கேட்டதில்லை. கணவரிடம்கூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

இவன் கேட்கிறான்.

அவளைக் கேட்கிறான்.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்தக் கோயில் சந்நிதியிலும் அவளுக்கு இப்படி ஆனதில்லை. இத்தனை பெரிய பிள்ளையை, இன்றைக்குப் பிறந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விரலை எடுக்கவில்லை. காத்திருந்தான்.

கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

அவள் வாயே திறக்கவில்லை.

இன்னொரு தடவை கேட்கட்டும்.