பத்தாயிரம் போதும்

கம்மாபுரம் நாற்றங்காலில் பச்சை வலைக்கூரை வழியாக மதிய வெயில் பொடிப்பொடியாகக் கன்றுகளின் மேல் விழுகிறது. மரம் நடும் அமைப்பை நடத்தும் ஜெயமேரி, ஈரமண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தபடி நிற்கிறாள். நன்கொடை தர வந்திருக்கும் நிறுவன அதிகாரி, இந்த மழைக்குள் மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் கன்று நட வேண்டும், நடுகிற செலவு முழுவதும் எங்களுடையது என்கிறார். “நட்டப்புறம் தண்ணி ஊத்துறவங்களுக்கு யாரு சார் சம்பளம் குடுப்பாங்க?” என்கிறாள் ஜெயமேரி. “பத்தாயிரம் கன்னு போதும். மூணு வருஷம் தண்ணிக்கும் ஆளுக்கும் சேத்துக் குடுங்க. இல்லன்னா வேணாம்.” கணக்குப் பார்க்கும் சபாபதி பதறி அவளைப் பார்க்கிறார்; அடுத்த மாதச் சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதிகாரி வெளியே பார்க்கிறார். இவர்கள் முதல் வருடம் நட்ட புங்க மரங்களின் நிழலில் அவருடைய கார் நிற்கிறது. “இதுல எத்தனை பட்டுப்போச்சு?” “ஒண்ணுகூட இல்ல சார்!” சபாபதியின் குரல் தேவைக்கு மேல் உரத்து வருகிறது. அதிகாரி சிரித்துவிடுகிறார். “சரிம்மா. பத்தாயிரமே நடுங்க. மூணு வருஷத்துக்கும் தர்றோம்.” ஜெயமேரி நிமிர்ந்து, கன்றுகளின் வரிசை முடியும் இடம்வரை ஒருமுறை பார்க்கிறாள்.