பின்சுவர்க் குழாய்

தங்கச்சி டிலுக்ஷியின் மூச்சிழுப்புக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவின் ஈரம்தான் காரணம் என்றார் டாக்டர். மாலை வகுப்பில் மின்வேலை படிக்கிறேன் என்ற துணிச்சலில், சூட்டை மீட்கும் ஃபேன் ஒன்றைப் பின்சுவரில் பொருத்தினேன். அது ஈரக்காற்றை வெளியே தள்ளும். அதன் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும். எங்களுடையது, வரிசை அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டிய இரட்டை லயம். சுவருக்கு அப்பால் இன்னொரு காம்பரா, கூரைத் தகரம் பறந்து, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. ஃபேனின் காற்று போய்வரும் குழாயை அதற்குள்தான் விட்டேன்.

சுவர் காய்ந்தது. இழுப்பும் நின்றது. ஆனால் உள்ளே வரும் காற்று எங்கள் காற்றைவிடச் சூடாக இருந்தது. அப்படி இருக்க முடியாது; எங்கள் காற்றின் சூட்டைத்தானே அது திருப்பித் தரும். என் வேலையில்தான் பிழை என்று நினைத்து ஃபேனை நிறுத்திக் கழற்றினேன். டிலுக்ஷிக்கு உடனே மூச்சு இழுத்தது.

“இன்ஜினியர் ஐயா, ஒங்க ஆராய்ச்சி போதும். மொதல்ல அதப் போடுங்க!” என்று அம்மா கத்தினார்.

மறுபடி பொருத்திப் போட்டேன். டிலுக்ஷி இழுப்பு நின்று தூங்கிவிட்டாள். நான் பின்பக்கம் போய்க் கதவு இடுக்கால் பார்த்தேன். கூரையில்லாததால் உள்ளேயும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்கு நேரே, ஒரு பிள்ளை படுக்கும் அளவு தரை மட்டும் காய்ந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் அங்கிருந்து, டிலுக்ஷியுடையதைப் போலவே, இழுப்புச் சத்தம் வந்தது.

திரும்பி வந்து டிலுக்ஷியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஃபேனை நிறுத்தவில்லை.